தாடை நீர்க்கட்டியின் வளர்ச்சிக் கணக்கு: புரதக் குறிப்பான்கள் சொல்வது என்ன?

மனித உடலில் நீர்க்கட்டி அதிகம் உண்டாகும் எலும்பு தாடை எலும்புதான். அதற்குக் காரணம் பற்கள். கரு வளரும்போது வாயின் உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் எபிதீலியப் படலம் தாடைக்குள் இறங்கி, பல் உருவாக வழிசெய்து, எனாமலையும் படைக்கிறது. வேலை முடிந்தபின் அந்தப் படலம் முற்றாக மறைந்துவிடுவதில்லை. அதன் செல்களில் சில, சிறு சிறு கூட்டங்களாக எலும்புக்குள்ளும் ஈறுக்குள்ளும் தங்கிவிடுகின்றன. பெரும்பாலோருக்கு அவை ஆயுள் முழுவதும் அமைதியாகக் கிடக்கும். சிலருக்கு ஏதோ ஒரு தூண்டுதலால் மறுபடி பெருகத் தொடங்கும். நடுவில் பாய்மம் தேங்கும். சுற்றிலும் எலும்பு கரையும். பல் சார்ந்த நீர்க்கட்டி இப்படித்தான் பிறக்கிறது.

இவற்றில் மூன்று வகைகள் முக்கியமானவை. சொத்தை முற்றி, பல்லின் கூழ் செத்துப்போனபின் வேரின் நுனியில் வருவது வேர்நுனி நீர்க்கட்டி. தாடை நீர்க்கட்டிகளில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான். முளைக்காமல் எலும்புக்குள் புதைந்து கிடக்கும் பல்லின் தலையைச் சுற்றி வருவது பல்சூழ் நீர்க்கட்டி. கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல்லும் மேல்தாடையின் கோரைப்பல்லும் இதற்குப் பேர்போனவை. மூன்றாவது, கெரட்டின் நீர்க்கட்டி. மற்ற இரண்டைவிட இது குறைவாகவே வரும். ஆனால் முதல் இரண்டையும் முறையாக அகற்றினால் அநேகமாகத் திரும்புவதில்லை; கெரட்டின் நீர்க்கட்டி திரும்பி வருகிறது. சில நோயாளிகளிடம் பத்து ஆண்டு கழித்தும் வருகிறது.

ஒரே தாடையில், ஒரே மூலத் திசுவின் மிச்சங்களிலிருந்து பிறந்த கட்டிகளுக்கு ஏன் இத்தனை வேறுபட்ட குணம்? கடந்த நாற்பது ஆண்டுகளில் வாய் நோய்க்குறியியல் துறை இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் புரதக் குறிப்பான்களைக் கொண்டே ஆராய்ந்திருக்கிறது. செல் பிரிகிறதா, சாக மறுக்கிறதா, எலும்பைக் கரைக்கும் சைகையை அனுப்புகிறதா என்பதைக் காட்டிக்கொடுக்கும் புரதங்களே இந்தக் குறிப்பான்கள். அவற்றின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கிடைக்கும் செய்தி குறைவு. எந்த அடுக்கில், எந்தச் சூழலில், எந்தச் செல்லில் அவை தென்படுகின்றன என்பதையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் கட்டியின் வளர்ச்சி விளங்குகிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கெரட்டின் நீர்க்கட்டி: ஒரு நெருக்கப் பார்வை

இந்தக் கட்டிக்கு 1956இல் பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பிலிப்சன். கீழ்த்தாடையின் பின்பகுதி, கடைவாய்ப்பல்லைத் தாண்டித் தாடை மேல்நோக்கித் திரும்பும் இடம்தான் இதற்கு மிகவும் பிடித்த இருப்பிடம். மற்ற கட்டிகள் பெருக்கும்போது தாடையை வெளியே புடைக்கச் செய்யும். இது எலும்பின் உள்ளே மஜ்ஜைப் பகுதி வழியாக முன்னும் பின்னும் நீண்டுகொண்டே போகும். முகத்தில் வீக்கம் தெரியாது, வலியும் இருக்காது. வேறு எதற்கோ எடுத்த ஓ.பி.ஜி. என்னும் முழுத்தாடை எக்ஸ்ரே படத்தில், தாடையின் பாதி நீளத்துக்குக் கறுப்பாக ஒரு வெற்றிடம் தெரியும்போதுதான் நோயாளிக்கே விஷயம் தெரியவரும்.

அறுவை சிகிச்சையில் இதன் உறை மருத்துவரின் பொறுமையைச் சோதிக்கும். மிக மெல்லியது, இடுக்கியால் பிடித்தால் கிழியும். உள்ளே வெண்மையாகக் கெட்டித்த கெரட்டின் நிறைந்திருக்கும். உறையை நுண்ணோக்கியில் வைத்தால் ஐந்திலிருந்து எட்டு செல் வரிசை கொண்ட சீரான எபிதீலியம் தெரிகிறது. அடி வரிசைச் செல்கள் உயரமாக, கருநிற உட்கருக்களோடு வேலிக்கால்கள்போல் நிற்கின்றன. மேற்பரப்பு அலை அலையாகச் சுருங்கிய கெரட்டின். அடியிலுள்ள இணைப்புத் திசுவோடு எபிதீலியம் சமதளமாக ஒட்டியிருப்பதால் எளிதில் உரிந்து வருகிறது. சுவருக்குள் ஆங்காங்கே குட்டிக் கட்டிகளும் இருப்பதுண்டு. கிழிந்து எலும்பில் தங்கிவிட்ட ஒரு துணுக்கோ, கண்ணில் படாத ஒரு குட்டிக் கட்டியோ போதும், கட்டி மறுபடி வருவதற்கு. திரும்ப வருவதற்கான காரணத்தில் ஒரு பாதி இந்த உடல்கூற்றிலேயே இருக்கிறது. இதை மறந்துவிட்டு எல்லாப் பழியையும் புரதங்களின் மேல் போடக் கூடாது.

அழுத்தமா, பெருக்கமா?

புரதக் குறிப்பான்கள் வருவதற்கு முன்பு நீர்க்கட்டியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் பாய்ம அழுத்தத்தைக் கொண்டே விளக்கினார்கள். உதிர்ந்த செல்கள் கட்டிக்குள் சிதையும்போது உள்ளிருக்கும் பாய்மத்தின் அடர்த்தி கூடுகிறது. சவ்வூடு பரவலால் வெளியிலிருந்து நீர் உள்ளே வருகிறது. அழுத்தம் ஏறிக் கட்டி விரிகிறது. இதை அளந்து பார்த்தவர் பிரிட்டனின் பால் டாலர். தாடைக் கட்டிகளின் பாய்மத்தில் சவ்வூடு அழுத்தம் ரத்தத்தின் ஊனீரைவிட அதிகம் என்று அவர் காட்டினார்.

அதே டாலர்தான் கட்டியின் பாய்மத்தில் கரைந்திருக்கும் புரதத்தையும் அளந்தார். கெரட்டின் நீர்க்கட்டியில் அது 100 மி.லி.க்கு 4 கிராமுக்குக் கீழே இருந்தது. வேர்நுனி, பல்சூழ் கட்டிகளில் பொதுவாக 5 கிராமைத் தாண்டியது. அழற்சியுள்ள கட்டியின் சுவர் வழியே ரத்தப் புரதங்கள் கசிகின்றன. கெரட்டின் நீர்க்கட்டியின் உறை அவ்வளவாகக் கசிய விடுவதில்லை. தாடை நீர்க்கட்டிகளை வேறுபடுத்தப் புரதம் பயன்பட்ட முதல் முயற்சிகளில் இது ஒன்று.

1971இல் டாலர் இன்னொரு படி முன்னேறினார். அகற்றிய உறைகளுக்குக் கதிரியக்கத் தைமிடினை ஊட்டினார். டி.என்.ஏ.வைப் புதிதாகப் படியெடுக்கும் செல்கள் மட்டுமே அதை உட்கொள்ளும். கெரட்டின் நீர்க்கட்டியில் சுமார் 13 சதவீதச் செல்கள் அதை ஏற்றிருந்தன. கெரட்டின் இல்லாத தாடைக் கட்டிகளில் 1.7 சதவீதம், சாதாரண வாய்த் தோலில் சுமார் 7 சதவீதம். பாய்ம அழுத்தம் எல்லாக் கட்டிகளுக்கும் பொது. ஆகவே இந்த ஒரு கட்டியின் தனிக் குணத்துக்கு அதன் எபிதீலியமே காரணமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. கெரட்டின் நீர்க்கட்டியை ஒரு தீங்கற்ற புற்றுக்கட்டியாகவே கருதலாம் என்று டாலர் 1960களிலேயே எழுதியிருந்தார்.

பழுப்பு நிறம் எப்படி வருகிறது?

கதிரியக்கத் தைமிடினுக்கு உயிருள்ள திசு வேண்டும். ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து, அலமாரியில் ஆண்டுக்கணக்காக வைத்திருக்கும் திசுக்களிலும் செல் பெருக்கத்தை அளக்கும் வசதி எதிர்ப்பொருள் சாயமுறையால் வந்தது. 4 மைக்ரான் கனத்தில் சீவிய திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். ஃபார்மலின் கட்டிப்போட்ட புரதத்தை விடுவிக்கச் சிட்ரேட் கரைசலில் போட்டு மைக்ரோவேவிலோ பிரஷர் குக்கரிலோ சூடாக்குவார்கள். பிறகு, தேடும் புரதத்தில் மட்டுமே ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஊற்றுவார்கள். அதன் மேல் இன்னொரு எதிர்ப்பொருள், அதோடு ஒரு என்சைம், கடைசியாக நிறமி. புரதம் இருக்கும் இடத்தில் பழுப்பு நிறம் படியும். மற்ற உட்கருக்கள் நீலமாக நிற்கும். பழுப்பையும் நீலத்தையும் எண்ணி விகிதம் போடுவதே இந்தத் துறையின் அன்றாட வேலை.

இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் விடையை மாற்றக்கூடியது. திசு ஃபார்மலினில் எவ்வளவு நேரம் கிடந்தது, எவ்வளவு சூடு, எந்த நிறுவனத்தின் எதிர்ப்பொருள், எவ்வளவு நீர்த்தது, எந்தப் புலத்தை எண்ணத் தேர்ந்தெடுத்தார்கள், வெளிர் பழுப்பைச் சேர்த்தார்களா விட்டார்களா என்பதெல்லாம் கணக்கில் வரும். இரண்டு ஆய்வுக்கூடங்களின் சதவீதங்களை அப்படியே அருகருகே வைத்து ஒப்பிட முடியாதது இதனால்தான்.

கீ-67: எத்தனை, எங்கே?

இந்தக் குறிப்பான்களில் தலையாயது கீ-67. ஜெர்மனியின் கீல் நகரில் கெர்டெஸும் அவருடைய குழுவினரும் 1983இல் அறிவித்த ஓர் எதிர்ப்பொருள் வழியாக இது அறிமுகமானது. பிரிவுச் சுழற்சியில் இறங்கிய செல் ஒவ்வொன்றிலும் இந்தப் புரதம் இருக்கும். ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. அதற்குச் சற்று முன்பிருந்தே புழங்கிய பி.சி.என்.ஏ. என்ற புரதம் டி.என்.ஏ. படியெடுக்கும்போது தேவைப்படுவது. ஆனால் அது டி.என்.ஏ. பழுது பார்க்கும்போதும் தலைகாட்டும். பிரிவு முடிந்த பின்னும் சிறிது காலம் செல்லில் தங்கியிருக்கும். அதனால் பி.சி.என்.ஏ. எண்ணிக்கை உள்ளதைக் கூட்டிக் காட்டும். கீ-67க்கும் எல்லை உண்டு. எத்தனை செல்கள் சுழற்சியில் உள்ளன என்று அது சொல்லும்; சுழற்சி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைச் சொல்லாது.

கெரட்டின் நீர்க்கட்டியில் கீ-67 செல்கள் மற்ற கட்டிகளைவிட அதிகம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. ஆனால் அந்தச் செல்கள் இருக்கும் இடம் அதைவிடக் கவனிக்கத்தக்கது. சாதாரணமாக எபிதீலியத்தில் செல் பிரிவது அடி வரிசையில். பல்சூழ் கட்டியிலும் வேர்நுனிக் கட்டியிலும் பழுப்பு உட்கருக்கள் பெரும்பாலும் அங்கேதான் தென்படுகின்றன. கெரட்டின் நீர்க்கட்டியில் அடி வரிசை ஏறக்குறைய முழுக்க நீலமாக இருக்க, அதற்கு மேலுள்ள இரண்டு மூன்று வரிசைகளில் பழுப்பு மணிகள் நிறைந்திருக்கும். முதிர்ந்து கெரட்டினாக மாற வேண்டிய செல்கள் இன்னும் பிரிந்துகொண்டிருக்கின்றன. வளர்ச்சியின் ஒழுங்கே இடம் மாறியிருக்கிறது. ஒரு சதவீத எண்ணுக்குள் இந்தச் செய்தி அடங்காது.

எண்ணிக்கை எங்கே கைவிடுகிறது என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 1990களின் நடுவில் செய்த ஒப்பீடு நல்ல சான்று. ஒரு முறை மட்டும் வந்த கட்டிகள், திரும்பத் திரும்ப வந்தவை, இளம் வயதிலேயே பல கெரட்டின் நீர்க்கட்டிகள் வரும் கோர்லின் நோய்க்குறி உள்ளவர்களுடையவை என மூன்று குழுக்களில் கீ-67 செல்களை எண்ணினார்கள். கோர்லின் குழுவில் எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருந்தது. ஆனால் ஒரு முறை வந்ததற்கும் திரும்பி வந்ததற்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எந்தக் கட்டி திரும்பும் என்று அறியத்தான் மருத்துவர் குறிப்பானைத் தேடுகிறார். அந்தக் கேள்விக்கு எண்ணிக்கை பதில் சொல்லவில்லை.

அழற்சியும் கணக்கைக் குழப்பும். கெரட்டின் நீர்க்கட்டியில் கிருமித் தொற்று ஏற்பட்ட இடத்தில் எபிதீலியம் தன் அடையாளத்தையே இழந்து தடித்து, சாதாரண வாய்த் தோல்போல் ஆகிவிடும். பிரியும் செல்களும் கூடும். வேர்நுனிக் கட்டியோ முழுக்க முழுக்க அழற்சியால் வளர்வது. செத்த பல்கூழிலிருந்து கசியும் நுண்கிருமி நச்சுகளால் உடலின் காவல் செல்கள் விழித்தெழுந்து வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன. தூங்கிக்கிடந்த எபிதீலியம் அவற்றால் பெருகுகிறது. கிருமியை நீக்கிவிட்டால் தூண்டுதல் அறுந்துவிடும். ஆகவே இரண்டு கட்டிகளில் கீ-67 ஒரே அளவு இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. ஒன்று வெளியிலிருந்து வரும் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது. மற்றொன்று தானே தனக்குக் கட்டளையிடுகிறது.

பிறப்பும் இறப்பும்

ஓர் ஊரின் மக்கள்தொகை பிறப்பை மட்டும் எண்ணினால் தெரியாது. இறப்பையும் எண்ண வேண்டும். செல்களுக்கும் இதுவே விதி. செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதம் பி.சி.எல்.-2. கெரட்டின் நீர்க்கட்டியின் அடி வரிசையில் இது நன்றாகத் தென்படுகிறது. வேர்நுனி, பல்சூழ் கட்டிகளில் குறைவு. 2005இல் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வு மூன்றையும் ஒரே உறையில் சேர்த்துப் பார்த்தது: பி.சி.எல்.-2 அடி வரிசையில், கீ-67 அதற்கு மேலே, திட்டமிட்ட செல் இறப்பின் தடயம் மேற்பரப்பில். அடியில் உள்ளவை சாவதில்லை. நடுவில் உள்ளவை பெருகுகின்றன. மேலே வந்தவை செத்து உதிர்கின்றன.

இந்தப் படம் ஒரு பழைய புதிரை அவிழ்க்கிறது. இத்தனை செல்கள் பிரிந்தும் உறை ஏன் தடிக்கவில்லை, ஏன் ஒரு சதைக்கட்டியாகத் திரளவில்லை? பிறப்பு கூடிய அளவுக்கு மேற்பரப்பில் இறப்பும் கூடியிருக்கிறது. உதிர்ந்தவை கெரட்டினாகக் கட்டிக்குள் குவிகின்றன. உறையின் கனம் மாறாமல் பரப்பு மட்டும் விரிகிறது. கட்டி நீர்க்கட்டியாகவே இருப்பது இந்தச் சமநிலையால்தான்.

பி-53இன் கதையும் ஓர் எச்சரிக்கை. டி.என்.ஏ. சேதமடைந்தால் செல் பிரிவை நிறுத்தும் இந்தக் காவல் புரதம், இயல்பான நிலையில் விரைவில் அழிந்துவிடும். மரபணுவில் பிறழ்வு வந்தால் அழியாமல் தேங்கிச் சாயத்தில் தெரியும் என்பது துறையில் பொதுவான புரிதல். கெரட்டின் நீர்க்கட்டியில் பி-53 கூடுதலாகத் தெரிந்தபோது பிறழ்வு இருக்கும் என்றே சந்தேகித்தார்கள். மரபணுவைப் படித்தபோது பிறழ்வு அகப்படவில்லை. விரைந்து பிரியும் திசுவில் இயல்பான பி-53 புரதமே கூடுதலாகச் சேரக்கூடும். சாயம் காட்டுவது புரதம் அங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. அது ஏன் அங்கே வந்தது என்பதை வேறு வழியில்தான் அறிய வேண்டும்.

வேரில் இருக்கும் மரபணு

கெரட்டின் நீர்க்கட்டியின் எபிதீலியம் தனக்குத்தானே எப்படிக் கட்டளையிடுகிறது? விடைக்கான வழி ஓர் அரிய நோயிலிருந்து வந்தது. 1960இல் கோர்லினும் கோல்ட்ஸும் விவரித்த நோய்க்குறியில் இளம் வயதிலேயே தாடையில் பல கெரட்டின் நீர்க்கட்டிகள் வரும். தோலில் அடிச்செல் புற்றுகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் சிறு குழிகள், பிளவுபட்ட விலா எலும்புகள் ஆகியவையும் சேரும். இதற்குக் காரணமான பேட்ச்டு-1 மரபணு ஒன்பதாம் குரோமோசோமில் இருப்பது 1996இல் தெரியவந்தது. கருவில் உறுப்புகளை வடிவமைக்கும் ஹெட்ஜ்ஹாக் என்னும் சைகைப் பாதையை அடக்கி வைப்பது இம்மரபணுவின் புரதம். அது பழுதானால் ஸ்மூதண்டு என்ற இன்னொரு புரதம் கட்டுப்பாடின்றி இயங்கி, செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நோய்க்குறி இல்லாத சாதாரண நோயாளிகளின் கட்டிகளில் இந்தப் பிறழ்வு உண்டா என்று தேடியபோது, முதலில் வந்த ஆய்வுகள் மூன்றில் ஒரு பங்கு அளவே கண்டன. பின்னர் சீன ஆய்வாளர்கள் திசுவை அப்படியே அரைத்துச் சோதிப்பதை விட்டு, எபிதீலியத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். 2015இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி பிறழ்வுள்ள கட்டிகள் 80 சதவீதத்தைத் தாண்டின. முந்தைய மாதிரிகளில் மெல்லிய எபிதீலியத்தைவிட இணைப்புத் திசுவே அதிகம் இருந்ததால் பிறழ்வு மறைந்துபோயிருந்தது. கட்டி அதுவேதான், செல்லைத் தேர்ந்தெடுத்த விதம் மாறியதும் விடை தலைகீழானது.

எலும்பு வழிவிட வேண்டும்

எபிதீலியம் எவ்வளவு பெருகினாலும் எலும்பு கரையாமல் கட்டி வளர முடியாது. கட்டியின் சுவர் புராஸ்டாகிளாண்டின்களையும் இன்டர்லூக்கின்-1 போன்ற சைகைப் புரதங்களையும் சுரப்பது 1970களிலிருந்தே படிப்படியாக நிரூபணமானது. அவற்றால் ராங்க்-எல் என்ற புரதம் கூடி, எலும்பைத் தின்னும் செல்களை முடுக்குகிறது. அழுத்தம், பெருக்கம், கரைப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஊட்டுபவை. கட்டியில் ஒரு திறப்பு வைத்து அழுத்தத்தைத் தளர்த்தும் பழைய சிகிச்சை இதை மெய்ப்பிக்கிறது. சில மாதங்களில் கட்டி சுருங்குகிறது, எலும்பு நிரம்புகிறது, இன்டர்லூக்கின்-1 குறைகிறது. பல நோயாளிகளில் உறையின் கெரட்டின் மறைந்து, சாதாரண வாய்த் தோலைப்போல் ஆகிறது. பி.சி.எல்.-2 காணாமல் போவதாகவும் பதிவுகள் உள்ளன. புரதங்கள் கட்டியை வளர்ப்பது உண்மை. கட்டியின் சூழலும் புரதங்களை மாற்றுகிறது என்பதும் அதே அளவு உண்மை.

பெயர் மாறினால் சிகிச்சை மாறும்

2005இல் உலக சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டில் கெரட்டின் நீர்க்கட்டியைப் புற்றுக்கட்டிகளின் பட்டியலுக்கு மாற்றியது. கூடிய செல் பெருக்கமும் பேட்ச்டு-1 பிறழ்வும் அதற்கு முக்கியக் காரணங்கள். அந்தப் பகுதியை எழுதியவர் 1956இல் பெயர் வைத்த அதே பிலிப்சன். 2017இல் நிறுவனம் அதை மறுபடி நீர்க்கட்டிகளோடு சேர்த்தது. அழுத்தம் தளர்ந்தால் சுருங்கும் ஒன்றைப் புற்றுக்கட்டி என்று அழைக்கப் போதிய சான்று இல்லை; அந்தப் பிறழ்வு வேறு சில கட்டிகளிலும் தென்படுகிறது என்பவை காரணங்கள். 2022 பதிப்பும் அதையே தொடர்ந்தது.

இதை வெறும் பட்டியல் சண்டை என்று ஒதுக்க முடியாது. புற்றுக்கட்டி என்ற சொல் நோயாளியின் மனதில் பயத்தை விதைக்கிறது. தாடையின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்கும் முடிவுக்கு மருத்துவரையும் தள்ளக்கூடும். இருபது வயதில் தாடையின் பாதியை இழப்பவர் மெல்லுவதையும் முகத்தையும் ஆயுள் முழுக்கச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கட்டியைத் தோண்டி எடுத்து, எலும்பின் ஓரத்தைச் சுரண்டியோ கார்னாய் கரைசலால் தீய்த்தோ விட்டு, ஆண்டுதோறும் படம் எடுத்துக் கவனிப்பதே பலருக்குப் போதுமானது. பழுப்பு நிறச் சதவீதம் ஒன்றை வைத்து இதில் முடிவெடுப்பது நியாயமாகாது.

குறிப்பான் எங்கே கைகொடுக்கிறது?

அதற்காகக் குறிப்பான்கள் வீண் என்று யாரும் சொல்ல முடியாது. சரியான கேள்வியைக் கேட்டால் அவை தெளிவாகப் பதில் சொல்கின்றன. புதைந்த பல்லைச் சுற்றிய கட்டி ஒன்று படத்தில் பல்சூழ் கட்டியாகவே தெரியும். உண்மையில் அது அமெலோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியின் ஒற்றை அறை வடிவமாக இருக்கலாம். 2014இல் அமெலோபிளாஸ்டோமாக்கள் பலவற்றில் பி-ராஃப் மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பிறழ்வு இருப்பது தெரியவந்தது. பிறழ்ந்த அந்தப் புரதத்தையே பிடிக்கும் எதிர்ப்பொருள் இன்று உண்டு. சாயம் ஏறினால் ஐயம் பெரும்பாலும் தீர்கிறது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்துக்கும் வழி பிறக்கிறது. கோர்லின் நோயாளிகளிடமும் அப்படித்தான். அடிச்செல் புற்றுக்காக 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விஸ்மோடெகிப், ஸ்மூதண்டு புரதத்தைத் தடுப்பது. அதை உட்கொண்ட சிலரின் தாடைக் கட்டிகளும் சுருங்கியதாகப் பதிவுகள் உள்ளன. இங்கெல்லாம் குறிப்பான், நோயின் காரணத்தோடு நேரடியாகக் கட்டுண்டிருக்கிறது. அதன் வலிமையும் அதில்தான்.

கீ-67 போன்ற பெருக்கக் குறிப்பான்களுக்கு அந்த நேரடிக் கட்டு இல்லை. ஆகவே அவற்றைக் கொண்டு செய்யும் ஆய்வுகள் மூன்று ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, சதவீதத்தோடு அடுக்கையும் பதிவு செய்தல். அடி வரிசை வேறு, மேல் வரிசை வேறு. இரண்டாவது, அழற்சியுள்ள பகுதியைத் தனியே பிரித்தல். மூன்றாவதும் முக்கியமானதும், நோயாளியைத் தொடர்ந்து கவனித்து, கட்டி திரும்பியதா இல்லையா என்பதோடு முடிவை இணைத்தல். நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் குறிப்பான்களைக் கொண்டு ஆய்வேடுகள் எழுதுகிறார்கள். இருபது முப்பது மெழுகுக் கட்டிகளில் செல்களை எண்ணி, மூன்று வகைகளின் சராசரியை ஒப்பிட்டு முடித்துவிடும் வேலை இனி புதிதாக எதையும் தராது. அந்த மெழுகுக் கட்டிக்குரிய நோயாளி பத்து ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று தேடிப் போகும் ஆய்வு தரும். சாயம் போடுவதற்கு ஆகும் செலவைவிட அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது பொறுமையும் ஒழுங்கான பதிவேடும்தான். இரண்டும் நம்மால் முடிந்தவையே.